பிடித்த கவிதை எது? தேர்ந்தெடுக்கும் உரிமையின் வரலாறு

ராசிங்காபுரத்தில் நடக்கும் இந்த நினைவுப் பேருரைக்கு என்னை அழைத்த தோழர்களுக்கும், காலையில் மலைக்கு வேலைக்குப் போய்விட்டு வந்து களைப்போடு உட்கார்ந்திருக்கும் அக்காமார்களுக்கும், கல்லூரி மாணவர்களுக்கும் என் நன்றி.

கவிஞர்கள் தங்களுக்குப் பிடித்த கவிதைகளைப் பற்றியும், அவை ஏன் பிடித்தன என்பதைப் பற்றியும் பேசிய வரலாறுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். கேட்பதற்கு இது ஓய்வு நேரப் பேச்சு போலத் தோன்றும். கூலியும் நிலமும் சுடுகாட்டுப் பாதையும் சிக்கலாக இருக்கும் ஊரில் பிடித்த கவிதையைப் பற்றிப் பேச என்ன அவசரம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு கவிதை எனக்குப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் அது என்னிடம் வந்து சேர வேண்டும். யாரோ அதை அழியாமல் வைத்திருக்க வேண்டும். வேறு யாரோ அது வைத்திருக்கத் தக்கது என்று முடிவு செய்திருக்க வேண்டும். அது ஏன் பிடிக்கிறது என்று நான் சொன்னால் அதைக் காதில் வாங்க நான்கு பேர் இருக்க வேண்டும். இந்த நான்கு இடங்களிலும் சாதி உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் இதை அழகியல் என்று ஒதுக்காமல் வரலாறாகப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

சமூகவியல் படித்தவர்களுக்கு பியர் பூர்தியுவின் பெயர் தெரிந்திருக்கும். ரசனை என்பது பிறவியில் வரும் வரம் இல்லை, ஒருவர் வளர்ந்த வீடும் படித்த பள்ளியும் கையில் இருக்கும் காசும் சேர்ந்து உருவாக்கும் பழக்கம் என்று 1979இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டினார். பிரான்சில் வர்க்கம் செய்த வேலையை இங்கே சாதியும் வர்க்கமும் சேர்ந்து செய்கின்றன. நல்ல கவிதை, மட்டமான கவிதை என்ற பிரிப்புக்குப் பின்னால் நல்ல மனிதர், மட்டமான மனிதர் என்ற பழைய பிரிப்பு பல நேரம் ஒளிந்திருக்கிறது.

தொகுத்தவர் யார்?

தமிழில் கவிதையைத் தேர்ந்தெடுத்த வரலாறு மிகப் பழையது. சங்க இலக்கியம் என்று நாம் படிப்பதே ஒரு தேர்வுதான். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்கிறது மரபு. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்ற சேர மன்னன். அகநானூற்றுக்கு உக்கிரப்பெருவழுதி என்ற பாண்டியன். அரசன் செலவில், புலவர் கையில் நடந்த தேர்வு அது. எதை எடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். எதை விட்டார்கள் என்பதைச் சொல்ல ஓலை இல்லை.

ஆனாலும் அந்தத் தொகைகளுக்குள் ஒரு வியப்பு இருக்கிறது. குறுந்தொகையில் பல புலவர்களின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பாட்டில் வந்த ஓர் உவமையை எடுத்து அதையே அவர்களுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக்கோழியார், ஓரேருழவர் என்று அந்தப் பெயர்கள் நீள்கின்றன. எழுதியவர் பெயர் மறந்த பிறகும் அந்த உவமையை யாரோ மறக்க முடியாமல் தவித்திருக்கிறார்கள். ஒரு கவிதை ஏன் பிடிக்கிறது என்பதற்குத் தமிழில் நமக்குக் கிடைக்கும் பழைய விடைகளில் இது ஒன்று. பெயராக நின்றவை எவை என்றும் பாருங்கள். குப்பை மேட்டில் சண்டையிடும் கோழி, ஒற்றை ஏரை வைத்துக்கொண்டு ஈரம் காய்வதற்குள் உழுது முடிக்கப் பதறும் உழவர். இவை அரண்மனைக் காட்சிகள் இல்லை. உழைப்பவர் வீட்டு வாசலில் இருந்து வந்தவை.

புறநானூற்றில் வெண்ணிக் குயத்தியார் என்ற பெண்ணின் பாட்டு இருக்கிறது; பெயரிலேயே மண்பாண்டத் தொழில் இருக்கிறது. குறமகள் இளவெயினியின் பாட்டு இருக்கிறது. மலைக்குடியில் பிறந்த பெண் அவர். குறிஞ்சித் திணை என்றால் தினைப்புனமும் தலைவியும் என்று பாடம் நடத்தும் ஆசிரியர்கள், மலையில் வாழ்ந்த ஒரு பெண்ணே பாடியிருக்கிறார் என்பதைச் சொல்லாமல் கடந்துபோகிறார்கள். தொகுப்பில் இடம் கிடைத்தால் மட்டும் போதாது, அந்த இடத்தைச் சுட்டிக்காட்டவும் ஆள் வேண்டும் என்பதற்கு இது சான்று.

கந்தப்பனும் அயோத்திதாசரும்

அடுத்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு வருவோம். திருக்குறள் முதன்முதலாக அச்சேறிய ஆண்டு 1812. அதே காலத்தில் சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லிஸ் துரை குறளை விரும்பிப் படித்தவர், சில பகுதிகளை மொழிபெயர்த்து உரை எழுதியவர். அவரிடம் திருக்குறள், நாலடி நானூறு ஓலைச்சுவடிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் தம் பாட்டனார் கந்தப்பன் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். கந்தப்பன் ஹாரிங்டன் என்ற ஆங்கிலேயர் வீட்டில் பட்லராக வேலை பார்த்தவர்.

இந்தச் செய்தியைப் பலர் ஒரு பெருமைக் கதையாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நாம் இன்னும் ஓரடி உள்ளே போக வேண்டும். சமையலறையில் வேலை பார்த்த ஒருவரின் வீட்டில் ஏன் அந்த ஓலைகள் இருந்தன? ஓலை என்பது சும்மா கிடக்கும் பொருள் இல்லை. பூச்சி அரிக்கும், ஈரம் பிடிக்கும், காலம் போனால் படி எடுக்க வேண்டும். தலைமுறைக்கு ஒருவர் உட்கார்ந்து எழுத்தாணி பிடித்திருந்தால்தான் அது பிழைக்கும். படிப்பே மறுக்கப்பட்டவர்கள் என்று நம்மைப் பற்றி எழுதப்பட்ட காலத்தில், நம் வீடுகளில் சிலவற்றில் இந்த வேலை நடந்திருக்கிறது. ஒரு கவிதையை நேசித்ததற்கு இதைவிடப் பெரிய சான்று என்ன வேண்டும்?

அயோத்திதாசர் 1845இல் பிறந்தார். இயற்பெயர் காத்தவராயன். தமக்குப் பாடம் சொன்ன ஆசிரியரின் பெயரையே தம் பெயராக வைத்துக்கொண்டார். நீலகிரியில் வளர்ந்தவர், தோட்ட மலைகளின் வாழ்க்கையை அறிந்தவர். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். ஓராண்டுக்குப் பிறகு அது ‘தமிழன்’ ஆனது. சித்த மருத்துவரான அந்தப் பண்டிதர், ஔவையின் நீதி நூல்களுக்கும் குறளுக்கும் அந்த இதழில் உரை எழுதினார். ஆத்திசூடியை ‘ஆத்திச்சுவடி’ என்றும் திருக்குறளைத் ‘திரிக்குறள்’ என்றும் படித்தார். ஔவை ஒரு பௌத்த அம்மை என்றும், குறள் பௌத்தத்தின் திரிபிடகத்தோடு தொடர்புடைய நூல் என்றும் வாதிட்டார். குறளுரை முடியும் முன்பே 1914இல் அவர் மறைந்தார்.

அவருடைய சொல்லாராய்ச்சி எல்லாவற்றையும் இன்றைய மொழியியல் ஏற்காது. அது தனி விவாதம். அவர் செய்த செயலின் தன்மையைத்தான் நான் சொல்ல வருகிறேன். பரிமேலழகர் உரை வழியாகக் குறளைப் படித்தால் அதன் முதல் பக்கத்திலேயே வருணாசிரம தருமம் வந்து நின்றுகொள்ளும். எனக்குப் பிடித்த நூலுக்குள் நுழைய என்னைத் தாழ்த்துகிற ஒருவரின் வாசல் எனக்கு வேண்டாம் என்று அயோத்திதாசர் வேறு வாசல் திறந்தார். பிடித்த கவிதை ஏன் பிடிக்கிறது என்ற கேள்விக்கு அவர் சொன்ன விடை, இது என் முன்னோருடையது என்பதுதான்.

அந்த விடை நமக்கு எப்போது வந்து சேர்ந்தது? ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக வந்த ஆண்டு 1999. அவர் இறந்து 85 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அந்த இடைவெளியில் எத்தனை குறள் மாநாடுகள், எத்தனை உரைக் கொத்துகள் வந்தன. ஒருவரின் வாசிப்பு இத்தனை காலம் பொது வாசகர் கண்ணில் படாமல் இருந்ததை மறதி என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

தசாலின் தெருக்கள்

இப்போது மராத்திக்குப் போவோம். அண்ணல் அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதோர் யார் என்று ஆராய்ந்து எழுதிய நூலை மூன்று பேரின் நினைவுக்குப் படைத்தார். நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா என்பவர்கள் அவர்கள். இவர்களில் ரவிதாசும் சோகாமேளாவும் கவிகள். சோகாமேளா 14ஆம் நூற்றாண்டு மகர் சமூகத்துப் பக்திக் கவி. பண்டரிபுரத்துக் கோயில் வாசலுக்கு வெளியே நின்று பாடியவர் என்பது வழக்கு. பக்தி மரபு சாதியை ஒழிக்கவில்லை என்பதில் அம்பேத்கர் தெளிவாக இருந்தார். அப்படி இருந்தும் அந்தப் பெயர்களை நூலின் முதல் பக்கத்தில் வைத்தார். விமர்சனமும் நேசமும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதை இளம் தோழர்கள் இதில் கவனிக்க வேண்டும்.

1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் இயக்கம் பிறந்தது. அதே ஆண்டில் நாம்தேவ் தசாலின் ‘கோல்பிடா’ தொகுப்பு வந்தது. டாக்ஸி ஓட்டிப் பிழைத்தவர் தசால். காமாட்டிபுராவை ஒட்டிய தெருக்களின் பேச்சு அந்தக் கவிதைகளில் அப்படியே இருக்கும். அதற்கு முன்னுரை எழுதியவர் நாடகாசிரியர் விஜய் தெண்டுல்கர். மராத்தி எழுத்தில் பெரிய பெயர் பெற்றிருந்த அவருக்கு அந்த மராத்தியில் பல சொற்கள் புரியவில்லை. தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தசாலைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருக்களுக்கு நடந்தே போனார். சொற்களுக்குப் பொருள் கேட்டார்.

நமக்கு வழக்கமாக என்ன சொல்வார்கள்? வட்டார வழக்கு அதிகம், பொது வாசகருக்குப் புரியாது, கொஞ்சம் திருத்திக் கொடுங்கள் என்பார்கள். தெண்டுல்கர் திருத்தச் சொல்லவில்லை, தாம் போனார். ஒரு கவிதையை நேசிக்கிறேன் என்று சொல்கிறவர் அந்தக் கவிதை புறப்பட்ட தெருவுக்கு ஒரு முறையாவது வர வேண்டும்.

பாட்டும் குரலும்

தமிழுக்குத் திரும்புவோம். இந்தப் போடி வட்டாரத்தில் மீனாட்சிபுரத்தில் 1942இல் பிறந்தவர் நா. காமராசன். 1965 மொழிப் போராட்டத்தில் முன்னே நின்ற மாணவர்களில் ஒருவர். 1971இல் அவருடைய ‘கறுப்பு மலர்கள்’ வந்தபோது, திருநங்கையரைப் பற்றியும் பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களைப் பற்றியும் அதில் கவிதைகள் இருந்தன. கவிதைக்குள் வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவர்களை உள்ளே கொண்டுவந்தவர் நம் பக்கத்து ஊர்க்காரர். பின்னாளில் திரைப்பாடலாசிரியராக மட்டுமே அவரைப் பலர் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

அதே காலத்தில் மதுரைத் தியாகராசர் கல்லூரியில் படித்தவர் கீழக்கரையில் பிறந்த சாகுல் அமீது. இன்குலாப் என்ற பெயரில் நமக்கெல்லாம் தெரிந்தவர். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். அந்தத் தீயின் வெம்மையைச் சுமந்த பாட்டு அவருடைய ‘மனுசங்கடா’. அந்தப் பாட்டு ஏட்டில் படிக்கப்பட்டு நம்மிடம் வரவில்லை. கே.ஏ. குணசேகரனின் குரல் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. சிவகங்கைப் பக்கம் மாரந்தையில் 1955இல் பிறந்த குணசேகரன், ‘தன்னானே’ கலைக்குழுவோடு பறையும் தவிலும் முழங்க அதைப் பாடினார். பாட்டைக் கேட்டவர்களில் எத்தனையோ பேருக்கு அதை எழுதியவர் யார் என்று தெரியாது. குணசேகரனே எழுதியது என்று நினைத்தவர்களும் உண்டு.

இதில் ஒரு செய்தி இருக்கிறது. எழுதியவர் தலித் இல்லை. பாடியவர் தலித். பாடியவருக்கு அந்தப் பாட்டு ஏன் பிடித்தது? ‘வடு’ என்ற அவருடைய தன்வரலாறு 2005இல் வந்தது. அதைப் படித்தவர்களுக்கு விடை தெரியும். சிறு வயதில் ஊர் ஊராக அவர் பட்ட அவமானங்களுக்கு அந்தப் பாட்டில் ஒரு மறுமொழி இருந்தது. பிறர் எழுதிய பாட்டைத் தன் உடம்பின் வழியாக மறுபடியும் எழுதினார் என்றே சொல்வேன். தலித் இலக்கியத்தை யார் எழுதலாம் என்று தொண்ணூறுகளில் நாம் நிறைய விவாதித்தோம். யார் பாடினால் அது யாருடைய பாட்டாகிறது என்ற கேள்வியையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இருவரும் 2016ஆம் ஆண்டில் மறைந்தார்கள். குணசேகரன் சனவரியில், இன்குலாப் டிசம்பர் முதல் நாளில். அடுத்த ஆண்டு இன்குலாபின் ‘காந்தள் நாட்கள்’ தொகுப்புக்கு சாகித்திய அகாதெமி விருது அறிவித்தபோது, அவர் குடும்பத்தார் அதை ஏற்க மறுத்தார்கள்.

நீக்கும் கை

தேர்ந்தெடுக்கும் கைக்கு நீக்கும் அதிகாரமும் உண்டு. 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழக ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்து மூன்று பெண்களின் எழுத்து நீக்கப்பட்டது. மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ ஒன்று. பாமாவின் எழுத்து ஒன்று. சுகிர்தராணியின் கவிதைகள் ஒன்று. மூவரில் இருவர் தமிழ் தலித் பெண்கள். பல்கலைக்கழகத்தின் மேற்பார்வைக் குழு எடுத்த முடிவு அது. கல்விக்குழு உறுப்பினர்கள் சிலர் எதிர்ப்பைப் பதிவு செய்தும் நிற்கவில்லை. 

அந்தக் கவிதைகளைப் பாடமாக வைக்கும்போது யாரோ ஓர் ஆசிரியர் அவை ஏன் முக்கியம் என்று வாதிட்டிருப்பார். எடுப்பவர்கள் அந்தக் காரணங்களுக்குக் காரணத்தால் மறுமொழி சொல்லியிருக்க வேண்டும். வகுப்பறையில் கவிதை இல்லாமல் போனால், அதைப் பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று சொல்லும் வாய்ப்பும் மாணவருக்கு இல்லாமல் போகிறது. சுகிர்தராணி ஓய்ந்துவிடவில்லை. 2023இல் தமக்கு அறிவிக்கப்பட்ட ஒரு விருதை, அதற்குப் பணம் தரும் பெருநிறுவனத்தைக் காரணம் காட்டி வேண்டாம் என்றார். பாராட்டுவது யார் என்பதையும் தேர்ந்தெடுக்கும் உரிமை கவிஞருக்கு உண்டு.

மலையின் பாட்டு

இனி நம் மலைக்கு வருகிறேன். இலங்கை மலையகத்தில் 1914இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அவர் ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். தேயிலைத் தோட்டத்து உழைப்பை உலகம் படிக்கும் மொழியில் வைத்தார். ஆனால் தாம் நேசித்த கவிதை எது என்பதை வேறொரு வேலையால் காட்டினார். லயத்திலும் கொழுந்து மலையிலும் பெண்களும் ஆண்களும் பாடிய பாட்டுகளைச் சேகரித்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக்கினார். நாட்டின் சட்டம் அந்த மக்களைக் கணக்கிலிருந்து எடுத்தது. அவர் அவர்களுடைய பாட்டைக் கணக்கில் சேர்த்தார்.

நம் போடி மலையில் இந்த வேலையை யார் செய்தார்கள்? கீழே ராசிங்காபுரத்திலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் விடியுமுன்பே ஜீப் புறப்படுகிறது. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலச்செடியின் சரம் தூரிலே, தரையை ஒட்டிப் படர்ந்திருக்கும். குனிந்தும் குந்தியும்தான் காய் எடுக்க வேண்டும். நான்கைந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் காய்ந்தால் ஒரு கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். சல்லடையில் சலித்து, பருவெட்டுக் காய் தனி, சிறுகாய் தனி என்று தரம் பிரித்த பிறகு போடி ஏல மையத்தில் விலை பேசுகிறார்கள். காயை எடுத்த கைகளுக்கு அந்த விலையைச் சொல்லும் இடம் கிடையாது.

கவிதைக்கும் நம் ஊரில் இதே ஏற்பாடுதான். தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் நம் பெண்கள் கட்டியவை. தரம் பிரிக்கும் சல்லடை வேறு யாரிடமோ இருக்கிறது. நாட்டுப்புறப் பாடல் என்று தலைப்பிட்டு, பாடியவரின் பெயரை அடிக்குறிப்பில்கூடப் போடாமல் ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கியவர்கள் உண்டு. 2015 செப்டம்பரில், நம் மேட்டுக்கு அப்பால் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். 232 ரூபாய் நாள்கூலியை 500 ஆக்கு என்பதும், 20 சதவீத போனஸ் கொடு என்பதும் கோரிக்கை. பெண்பிள்ளை ஒற்றுமை என்று அந்தப் போராட்டத்துக்குப் பெயர் நின்றது. அந்தப் பெண்கள் தாங்களே கட்டிக் குரல் கொடுத்த முழக்கங்களுக்குச் சந்தம் இருந்தது, கேலி இருந்தது, உவமை இருந்தது. தமிழ்க் கவிதைத் தொகுப்பு எதிலாவது அவற்றுக்கு நாம் இடம் கொடுத்தோமா?

இந்த மன்றத்துக்கு என் கோரிக்கை இதுதான். அடுத்த ஆண்டு நினைவு நாளுக்குள் ஒரு தொகைநூல் செய்யுங்கள். இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டையோ கவிதையையோ சொல்லட்டும். ஏன் பிடிக்கிறது என்று ஒரு பக்கம் எழுதட்டும். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், மாணவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான்கு கேள்விகள் போதும். இதை முதலில் யார் வாயில் கேட்டீர்கள்? எந்த வேலையின்போது நினைவுக்கு வருகிறது? எந்தச் சொல்லை மாற்றினால் உங்களுக்கு வலிக்கும்? இதை யாருக்குக் கொடுத்துவிட்டுப் போக விரும்புகிறீர்கள்? சொன்னவர் சம்மதத்தோடு அவர் பெயரைப் பாட்டுக்கு மேலேயே போடுங்கள். பெயர் வேண்டாம் என்றால் அவர் சொல்லும்படி செய்யுங்கள். அவருடைய சொல்லைத் திருத்தாதீர்கள். புரியாத சொல் வந்தால் அவரோடு நடந்துபோய்க் கேளுங்கள்.

அந்த நூலில் சுகிர்தராணியும் இன்குலாபும் இருப்பார்கள், குறளும் இருக்கலாம், சினிமாப் பாட்டும் வரலாம். வரட்டும். எந்தப் பாட்டு எங்கள் வாழ்க்கைக்குத் துணை என்று இந்த ஊர் தன் வாயால் சொல்வதுதான் முக்கியம். கந்தப்பன் வீட்டில் ஓலைக்கு எண்ணெய் பூசி வைத்த பெண்ணின் பெயர் நமக்குத் தெரியாது. இந்த ஊரில் பாட்டைக் காத்தவர்களின் பெயராவது அப்படிப் போய்விடக் கூடாது.